பட்டு வேட்டியில் நிற்கும்போது சல்யூட் உண்டா?

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் ஹவில்தார். லீவில் வந்தவன், காரைக்குடியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டி வந்திருந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு கர்னல் வந்தார். தம்பியின் பழைய கமாண்டிங் ஆபீசராம். இவன் சல்யூட் அடிக்கவில்லை. விறைப்பாக நின்று "ஜெய் ஹிந்த் சாப்" என்றதோடு சரி. "பட்டாளத்துக்குப் போயும் மட்டு மரியாதை தெரியலையே" என்று பெரியப்பா பந்தியில் வைத்தே சொல்லிவிட்டார். எங்கள் அப்பாவும் முன்னாள் ராணுவத்தினர். குடியரசு தினத்தன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேட்டி சட்டையோடு கொடிக்கு சல்யூட் வைத்தார். அது தப்பு என்று இளம் ஆசிரியர் ஒருவர் சொன்னாராம். மகன் வைக்காததும் தப்பு, அப்பா வைத்ததும் தப்பு என்றால் எதுதான் சரி?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் தம்பி செய்தது நூற்றுக்கு நூறு சரி. பெரியப்பாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நம் ராணுவத்தில் கை தூக்கி வைக்கும் சல்யூட் சீருடைக்கும் தலையில் இருக்கும் தொப்பிக்கும் உரியது. தொப்பி என்றால் தலைப்பாகையும் சேர்த்தி. சீருடையிலேயே இருந்தாலும் தலை வெறுமையாக இருந்தால் கை மேலே போகாது. 'சாவ்தான்' (அட்டென்ஷன்) நிலையில் நிமிர்ந்து நின்று வணக்கம் சொல்வார்கள். அமெரிக்கத் தரைப்படையில் இந்தத் தொப்பிக் கட்டுப்பாடு கிடையாது. அவர்கள் படங்களையும், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சல்யூட் அடிக்கும் நம்மூர்க் கதாநாயகர்களையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கை தூக்காவிட்டால் ஏதோ குறைந்தது போலத் தெரிகிறது.

சல்யூட் தனி மனிதருக்கு வைப்பதல்ல. குடியரசுத் தலைவர் அந்த அதிகாரிக்கு அளித்திருக்கும் பொறுப்புக்கு வைப்பது. வாங்கியவர் திருப்பி வைத்தாக வேண்டும். கையில் சந்தனமும் வெறுந்தலையுமாகக் கல்யாணக் கூட்டத்தில் நிற்கும் கர்னல் எப்படித் திருப்பி வைப்பார்? தம்பி கை தூக்கியிருந்தால் அவருக்குத்தான் சங்கடம்.

இன்னொன்றையும் பாருங்கள். மூன்று படைகளுக்கும் சல்யூட் ஒன்றில்லை. தரைப்படையில் உள்ளங்கை எதிரில் நிற்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். விமானப்படை 2006-இல் தன் முறையை மாற்றிக்கொண்டது. அங்கே உள்ளங்கை 45 டிகிரி சாய்ந்திருக்கும். உடுத்தியிருக்கும் சீருடையோடு சேர்ந்து வருகிற முறை அது.

சீருடை இல்லாதபோது மரியாதை சாவ்தானில் இருக்கிறது. குதிகால் இரண்டும் ஒட்ட வேண்டும். விரல்கள் மடங்கி, நீட்டிய கை தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும். கட்டைவிரல் முன்னால், பார்வை நேரே. அடுத்த முறை தம்பி ஓர் அதிகாரியைச் சந்திக்கும்போது கவனியுங்கள்: மடித்துக் கட்டிய வேட்டியை முதலில் இறக்கிவிடுவார், அப்புறம்தான் குதிகால் சேரும். வேட்டியை இறக்கிவிடுவது செட்டிநாட்டுத் தெருவில் பெரியவர்கள் எதிரே வந்தால் நாம் எல்லோரும் செய்வதுதானே! பெரியப்பாவுக்கு அந்த மரியாதை தெரியாமலா இருக்கும்? பட்டாளத்து வழக்கம்தான் அவருக்குத் தெரியாது. அதனால் கோபித்துக்கொள்ளாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனது கனத்தது அதில்தான். 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, கொடி ஏற்றும்போது அங்கிருக்கும் எல்லோரும் கொடியைப் பார்த்து நேராக நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவர்கள் அதற்குரிய சல்யூட் வைக்க வேண்டும் என்கிறது. அந்த எழுத்தை வைத்துப் பார்த்தால் ஆசிரியர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எத்தனையோ வருடம் கொடிக்குக் கீழே நின்ற மனிதரின் கை, கொடி ஏறும்போது தானாக உயர்வதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் இதே குழப்பம் வந்தபோது, முன்னாள் வீரர்கள் சாதாரண உடையிலும் கொடிக்கு சல்யூட் வைக்கலாம் என்று 2008-இல் சட்டத்தையே திருத்தினார்கள். பிள்ளைகள் முன்னால் அப்பாவைத் திருத்தியிருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ரெஜிமென்ட் தொப்பியும் மெடல்களும் இருந்தால், வருகிற ஆகஸ்ட் 15 அன்று அவற்றோடு அனுப்பி வையுங்கள். மெடல் இடது மார்பில் குத்த வேண்டும். விழாக்களில் முன்னாள் வீரர்கள் அப்படி வந்து நின்று சல்யூட் வைப்பதை எத்தனையோ ஊரில் பார்க்கிறோம். பெட்டியில் எதுவும் இல்லையென்றாலும் அவர் விருப்பப்படி விடுங்கள். ஆசிரியரிடம் நீங்களே தனியாகப் பேசுங்கள். அப்பாவிடம் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.