தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே விவாகரத்து முடிந்துவிடாது, தங்கச்சி

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறீர்கள், புருஷன் கொழும்புக்கு வேலைக்கென்று போய் ஆறு வருடமாக வரவில்லை, வழக்கை எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்கள். கூடவே உங்கள் அக்காவுக்கு 2009இல் கோர்ட்டில் விவாகரத்து ஆனது, இப்போது மறுமணம் பதியப் போனால் பதிவாளர் பத்திரம் கேட்கிறார், கையில் ஒன்றும் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் சட்டம் படித்தவள் இல்லை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், வேலை செய்கிறவள். ஆனால் வழக்குப் போட்டதும் நான்தான், பத்திரத்துக்கு அலைந்ததும் நான்தான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எங்கே என்பது. மாவட்ட நீதிமன்றம். அதுவும் நீங்கள் குடியிருக்கிற இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றம், அவர் இருக்கிற இடம் இல்லை. இது தெரியாமல் கொழும்புக்குப் போய் வழக்காட வேண்டும் என்று பயந்து பல வருடம் சும்மா இருந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். சிவில் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்கிற சட்டமான குடிசார் நடவடிக்கைமுறைக் கோவையின் 597ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. உங்களுக்கு ஹட்டன், பதுளைப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பதுளை, பண்டாரவளை என்று வரும்.

உங்களிடம் யாரோ கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மாவட்டப் பதிவாளரிடம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்களே, அது கண்டியச் சட்டப்படி கல்யாணம் பதிந்த சிங்களவர்களுக்கு. 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் அது. அவர்களுக்குப் பதிவாளரே விவாகரத்துக் கொடுக்கலாம், இரண்டு பேரும் சம்மதித்தாலும் கொடுக்கலாம். தமிழரான நாம் கண்டியிலேயே பிறந்து வளர்ந்தாலும் அந்தச் சட்டம் நமக்கு இல்லை. முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம். நமக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், அதில் காரணம் மூன்றுதான்: துணை இன்னொருவரோடு உறவு வைத்தது, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, கல்யாணத்தின்போதே தாம்பத்தியத்துக்கு இயலாத குணமாகாத குறை இருந்தது. இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை, சம்மதத்தோடு பிரிகிறோம் என்பது இதில் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது கைவிட்டுப் போனது. எனக்கும் அதுதான். என் புருஷனுக்குப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது ஊருக்கே தெரியும், ஆனால் அதை கோர்ட்டில் நிரூபிக்கச் சாட்சிக்கு யார் வருவார்கள்? அதனால் என் சட்டத்தரணி கைவிட்டதையே காரணமாக வைத்தார். இன்னொன்று, அடி தாங்க முடியாமல் நீங்களே அம்மா வீட்டுக்கு வந்திருந்தாலும், வீட்டை விட்டுப் போனது நீங்கள்தானே என்று பயப்பட வேண்டாம். இருக்க முடியாதபடி செய்தவர்தான் கைவிட்டவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து ஆகிவிடும் என்று தோட்டத்தில் பேசுவார்கள். ஆகாது. அதே குடிசார் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருடம் என்று ஒன்று வருகிறது, உண்மைதான். ஆனால் 1986இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், பிரிந்திருந்த காலத்தை மட்டும் காட்டினால் போதாது, எதிர்த்தரப்பின் பிழையையும் நிரூபிக்க வேண்டும் என்று தீர்த்துவிட்டது. ஆகவே இன்னும் ஒரு வருடம் பொறுப்போம் என்று இருக்காதீர்கள். பொலிஸில் வைத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட துண்டு, தோட்டத் தலைவர் முன்னால் எழுதிய பிரிவினைக் கடிதம், தாலியைக் கழற்றிக் கொடுத்தது, இவை எதுவும் விவாகரத்து இல்லை. அந்தத் துண்டை நம்பி இன்னொரு கல்யாணத்தைப் பதிந்தால் குற்ற வழக்கே வரும்.

சரி, என்னென்ன வேண்டும். விவாகச் சான்றிதழ்தான் முதல், பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பிரதி எடுக்கலாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, நீங்கள் அங்கே குடியிருப்பதற்குக் கிராம சேவகரின் கடிதம். இதில் நமக்கு எப்போதும் வருகிற சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, விவாகச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதியதால் இரண்டுமே இல்லாத மூன்றாவது ஒன்று. என் அப்பாவின் பெயர் மூன்று கடதாசியில் மூன்று விதமாக இருந்தது. வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்கலாம். நான் சொல்லாமல் விட்டதால் எனக்கு ஒரு தவணை, அதாவது வழக்குக்குக் கூப்பிட்ட ஒரு நாள், முழுதாகப் போனது. ஒரு தவணை என்றால் ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, பிள்ளையை யாரிடமாவது விட்டுப் போகிற பாடு. அது உங்களுக்கே தெரியும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசாங்க நிறுவனம், நிறைய இடங்களில் கோர்ட் வளவிலேயே அலுவலகம் இருக்கும். வருமானம் குறைவு என்று காட்டினால் அவர்களே சட்டத்தரணியைப் போட்டுத் தருவார்கள்.

வழக்குப் போட்டதும் அவருக்கு அழைப்பாணை போகும். பிஸ்கால் என்கிற கோர்ட் அலுவலர் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், இங்கேதான் மாதக் கணக்கில் இழுக்கும். ஆள் கொழும்பில் எந்தக் கடையில் இருக்கிறார் என்று தெரியாது. தோட்டத்து முகவரியைக் கொடுத்தால் லயத்து வீடுகளுக்கு நம்பர் இல்லை, கடிதம் எல்லாம் ஆபீஸுக்குப் போய்க் கிடக்கும். தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், கடைசியாக இருந்த வீட்டில் ஒட்டுகிற மாதிரி வேறு வழியில் சேர்ப்பிக்கச் சட்டத்தரணி கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். அப்புறமும் அவர் வரவில்லை என்றால் அவர் இல்லாமலே ஒருதலையாக விளங்குவார்கள். அப்போதும் நீங்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லத்தான் வேண்டும்.

அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கோர்ட்டில் வழக்கு நடப்பது சிங்களத்தில். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி நாம் தமிழிலேயே வழக்கைத் தாக்கல் செய்யலாம், தமிழிலேயே பேசலாம், மொழிபெயர்ப்பாளரை அரசாங்கம் தர வேண்டும். எனக்கும் மொழிபெயர்க்க ஒரு முதலியார் (கோர்ட் மொழிபெயர்ப்பாளரை அப்படித்தான் சொல்வார்கள்) நின்றார். புருஷன் போகும்போது என்ன சொன்னார் என்று கேட்டார்கள். "இனி இந்தப் பக்கம் வரமாட்டேன், நீ உன் அம்மாவோடயே இருந்துக்கோ என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்" என்றேன். முதலியார் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். எனக்குச் சிங்களம் அரைகுறையாகத்தான் வரும், ஆனாலும் "கியா" என்பது மட்டும் கேட்டது, போனார், அவ்வளவுதான். வரமாட்டேன் என்றது எங்கே? வேலைக்குப் போகிறவரும்தான் போகிறார். திரும்பி வரக்கூடாது என்ற எண்ணத்தோடு போனதுதான் என் வழக்கே. நான் என் சட்டத்தரணியைப் பார்த்துக் கையைக் காட்டினேன், அவர் எழுந்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார், இரண்டாவது தடவை முழுதாகப் பதிவானது. நீங்களும் தயங்காதீர்கள். சொன்னது முழுதாகப் போகவில்லை என்று தோன்றினால் அங்கேயே சொல்லுங்கள்.

இப்போது அக்காவின் கதைக்கு வருகிறேன், என் கதையும் அதுதான். தீர்ப்பு நம் பக்கம் ஆனதும் முதலில் வருவது டிக்ரி நைசை, முதல் தீர்ப்பாணை. அதோடு கல்யாணம் முறிந்துவிடாது. குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும். ஒருதலையாக விளங்கிய வழக்கென்றால் அந்தத் தீர்ப்பாணையின் பிரதியும் அவருக்குச் சேர வேண்டும், கிடைத்து 14 நாளுக்குள் அவர் வந்து காரணம் காட்டலாம். இதெல்லாம் கழிந்து டிக்ரி அப்சொலியூட், அதாவது முடிவான தீர்ப்பாணை ஆன பிறகுதான் நீங்கள் தனி ஆள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார், நான் ஒரு கடதாசியை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். நான்கு வருடம் கழித்துப் பதிவாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முதல் டிக்ரி, நீங்க இன்னும் அவருடைய மனைவிதான்" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் நடுங்கியது இன்னும் மறக்கவில்லை. மோஷன், அதாவது கோர்ட்டுக்கு ஒரு விண்ணப்பம், போட்டு முடிவான தீர்ப்பாணை வாங்க வேண்டிய சட்டத்தரணி வாங்கவே இல்லை, நானும் கேட்கவே இல்லை.

ஆகவே அக்கா தேட வேண்டியது விவாகரத்துச் சான்றிதழ் என்று ஒரு கடதாசியை இல்லை. பொதுச் சட்டப்படி ஆன விவாகரத்துக்கு அப்படி ஒன்று பதிவாளர் கந்தோரில் கிடையாது, மாவட்ட நீதிமன்றம் கொடுத்த முடிவான தீர்ப்பாணையின் அத்தாட்சிப்படுத்திய பிரதிதான் பத்திரம். வழக்கு நடந்த அதே கோர்ட்டின் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கு இலக்கம் இருந்தால் வேலை லேசு. அக்காவின் பழைய அழைப்பாணைத் துண்டு, சட்டத்தரணி கொடுத்த பற்றுச்சீட்டு, தவணைத் திகதி எழுதிய அட்டை எதிலாவது இருக்கும், பெட்டியின் அடியில் பாருங்கள். இல்லை என்றால் வருடத்தையும் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்ல வேண்டும். எனக்குத் தேடிய பையன் பெரிய புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான், என் பெயரைத் தாண்டியே போய்விட்டான், சிங்களத்தில் வேறு எழுத்தில் இருந்தது. அவர் பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். ஆகவே இரண்டு பெயரையும் விவாகச் சான்றிதழில் சிங்களத்தில் இருக்கிறபடியே எழுதிக் கொண்டுபோங்கள்.

கோப்பு கிடைத்ததும் முடிவான தீர்ப்பாணை அதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இரண்டு மூன்று பிரதியாக எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டாம். முதல் தீர்ப்பாணையோடு நின்றிருந்தால் சட்டத்தரணி மூலம் மோஷன் போடுங்கள், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அதுவரை பதிவுத் திகதியை மாப்பிள்ளை வீட்டில் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கான பராமரிப்புப் பணத்துக்கு விவாகரத்து முடிகிற வரை காத்திருக்க வேண்டாம். அது நீதவான் நீதிமன்றத்தில் தனி வழக்கு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம், நாளைக்கே போடலாம். அவர் எங்கே வேலை செய்கிறார், சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள், இரண்டு வழக்குக்கும் அது தேவைப்படும்.