கரோக்கி இறுவட்டு டிவிடி பிளேயரில் ஓடுகிறது, லப்டொப்பில் ஏன் ஓடுவதில்லை?

கல்லடியில் கலியாண வீட்டுக்காக வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த கரோக்கி இறுவட்டு, பிளேயரில் பாட்டும் வரியுமாக ஓடுகிறது, லப்டொப்பில் சரிவரவில்லை என்கிறீர்கள். அவசரப்பட்டு ட்ரைவை மாற்றாதீர்கள்.

லப்டொப்பில் இசையாவது கேட்கிறதா? இசை வந்து வரிகள் மட்டும் காணாமல் போனால் அது நகல் பூட்டின் (இறுவட்டைப் படியெடுக்கவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டின்) வேலையே இல்லை. சிடிஜி (CD+G, இசையோடு வரிகளையும் திரையில் காட்டும் கரோக்கி சிடி) வகை இறுவட்டில் வரிகள் இசைக்குள் இருப்பதில்லை. கூடவே ஓடும் ‘சப்கோட்’ என்ற ஒடுங்கிய இடத்தில், 16 நிறப் படமாகக் கிடக்கும். பல கணினி ட்ரைவ்கள் அதை எடுத்துத் தருவதில்லை. தந்தாலும் விண்டோஸின் வழமையான பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது.

இசையும் இல்லையென்றால் நகல் பூட்டாக இருக்கலாம். 2000களின் தொடக்கத்தில் வந்த சில பூட்டுகளின் தந்திரம் இதுதான்: பாட்டு சிடி பிளேயர் முதல் செஷனோடு (ஒரே தடவையில் பதிந்த பகுதியோடு) நின்றுவிடும், கணினியோ கடைசி செஷனைத் தேடிப் போகும். அங்கே உள்ளடக்க அட்டவணையைக் குழப்பி வைத்தால் கணினி திணறும். இப்படிப்பட்டவற்றுக்கு ‘கொம்பக்ட் டிஸ்க்’ முத்திரை போடுவதை, சிடியை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்றான பிலிப்ஸ் எதிர்த்தது, அதனால் உறையில் அந்த முத்திரை இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

இறுவட்டு தானாக ஏதாவது நிறுவக் கேட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள். 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனத்தின் சில இறுவட்டுகள் ஒளிந்திருக்கும் மென்பொருளைக் கணினியில் ஏற்றி, விஷயம் வழக்கு வரை போனது.

கலியாணம் கிட்டவென்றால் பிளேயரையே மண்டபத்துக்குக் கொண்டுபோங்கள். சிவப்பு, வெள்ளை வயர் சவுண்ட்காரரின் மிக்சருக்கு, மஞ்சள் டீவிக்கு.