உணவகத்தின் உள்ளழகும் இரைச்சலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலி வீதியில் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் 11 அடி உயரமும் உள்ள கடையொன்றை வாடகைக்கு எடுத்து, 40 பேர் இருந்து உண்ணக்கூடிய உணவகமாக மாற்றவிருக்கிறோம். கட் சிமெந்துத் தரை (மினுக்கிய சிமெந்துப் பூச்சு), பூச்சு உரித்த செங்கற்சுவர், முகப்பு முழுவதும் கண்ணாடி, சீலிங் அடிக்காமல் குழாய்கள் தெரியும்படி விட்ட கொங்கிறீட் தட்டு என்று உள்ளக வடிவமைப்பாளர் திட்டம் தந்திருக்கிறார். இதில் குறை ஏதும் உண்டா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வரைபடத்தில் தெரியாத குறை ஒன்று உண்டு, அது இரைச்சல். (பூசிய சுவரைக் காசு கொடுத்து உரிப்பது உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை.) நீங்கள் குறிப்பிட்ட பொருட்கள் அனைத்தும் தம்மீது படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மாத்திரம் உள்வாங்கி, மிகுதியை மண்டபத்துக்குள்ளேயே திருப்பி அனுப்புபவை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் 1890களில் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்த சூத்திரத்தின்படி, மண்டபத்தின் கனவளவை 0.161 ஆல் பெருக்கி, அங்குள்ள பரப்புகளின் மொத்த ஒலியுறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பளவையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், எழுந்த ஒலி அடங்க எத்தனை செக்கன் ஆகும் என்பது கிடைக்கும். உங்கள் கடையின் கனவளவு ஏறத்தாழ 250 கன மீற்றர். நாற்பது பேரும் நிறைந்திருக்கும் வேளையிலும், அவர்களுடைய உடலும் உடையுமே அங்கு பெரிய உறிஞ்சியாக இருக்க, விடை 1.7 செக்கனை அண்டி வருகிறது. இருந்து பேசிச் சாப்பிடும் இடத்துக்கு 0.8 செக்கனுக்கு மேற்படாதிருப்பது நல்லது.

சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எடுத்துக்காட்டினார். ஒரு மேசை குரலை உயர்த்த அடுத்த மேசையும் உயர்த்தும், இரவு எட்டரை மணிக்கு, "சம்பல் இன்னும் வேணுமா?" என்பதைப் பரிமாறுபவர் மூன்று தரம் கேட்க வேண்டியிருக்கும்.

பரிகாரம் மேலே இருக்கிறது. தரையையும் சுவரையும் வடிவமைப்பாளரின் விருப்பப்படியே விட்டுவிட்டு, கொங்கிறீட் தட்டிலிருந்து சில அங்குலம் இடைவெளி விட்டு, ஒலியை நன்கு உறிஞ்சும் பலகைகளை 40 சதுர மீற்றர் அளவுக்குத் தொங்கவிட்டால், அதே சூத்திரம் 0.8 செக்கன் என்று காட்டும். பின்னால் உள்ள இடைவெளி தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்க உதவுவதால், தச்சுப் பாஸ் ஆணியடித்துத் தட்டோடு ஒட்டிவிட இடங்கொடாதீர்கள். நம் நாட்டுத் தென்னந்தும்புப் பலகையும் இதற்கு உதவும். ஆனால் அது எரியக்கூடியது என்பதால் தீத்தடுப்பு மருந்து ஏற்றியதையே வாங்க வேண்டும். அடுப்புக்கு அண்மையில் தும்பை விட்டு, பாறையை உருக்கி இழையாக்கிய, எரியாத ரொக்வூலுக்குப் போவதே பாதுகாப்பு. கடற்காற்று வீசும் பகுதி என்பதால் தொங்கவிடும் கம்பிகள் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும்.

கொத்துரொட்டி போடுவதாயின், தகட்டை வழமைபோல் வீதியோரமாகவே வையுங்கள். அந்தச் சத்தம் ஆட்களை அழைக்கும். ஆனால் தகட்டுக்கும் மேசைகளுக்கும் இடையில் தரையிலிருந்து மேலே கொங்கிறீட் தட்டு வரை கண்ணாடித் தடுப்பொன்று அவசியம். இடுப்பளவுத் தடுப்பால் பயனில்லை.

கேள்வி: கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பழைய அலுவலகத்தில், அல்பிரட் ஹவுஸ் வீதியில் இயங்கும் கலரி கஃபேயிலும் கடினமான தரையும் சுவரும்தானே இருக்கின்றன? அங்கு ஏன் இந்த இரைச்சல் இல்லை?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அங்கு முற்றங்கள் வானத்துக்குத் திறந்திருக்கின்றன. திறந்த வெளியை அடைந்த ஒலி திரும்பி வருவதில்லை. சபைன்கூடத் தம் அளவீட்டுக்குத் திறந்த யன்னலையே அலகாகக் கொண்டார், அதாவது ஒரு சதுர மீற்றர் திறப்பு ஒரு சதுர மீற்றர் முழு உறிஞ்சிக்குச் சமம். பாவா (1919–2003) முற்றங்களை வைத்தது காற்றுக்கும் வெளிச்சத்துக்குமாக இருந்தாலும் காதுக்கும் அதில் பங்கு கிடைத்துவிட்டது. அந்தச் சிமெந்தையும் அந்த வெள்ளைச் சுவரையும் மட்டும் எடுத்துக் கொண்டுவந்து, ஏசி போட்டு அடைத்த கடைக்குள் ஒட்டுபவர்கள் முற்றத்தை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: தாழ்ந்த சோபாவும் சிறிய மேசையும் போட்டால் இளைஞர்கள் விரும்புவார்கள் என்கிறார்கள். எங்களுடையது சோறும் கறியும் விற்கும் கடை. பொருந்துமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: கோப்பிக்குப் பொருந்தும், சோற்றுக்குப் பொருந்தாது. கையால் பிசைந்து உண்பவருக்கு இருக்கை 45 சென்ரிமீற்றரும் மேசை 75 சென்ரிமீற்றரும் உயரமாக, இரண்டுக்கும் இடையில் 30 சென்ரிமீற்றர் வித்தியாசம் வேண்டும். தாழ்ந்த சோபாவில் குனிந்து எடுக்கும் பருப்பு சட்டையில்தான் முடியும். ஒருவருக்கு 60 சென்ரிமீற்றர் மேசை அகலமும் ஒதுக்குங்கள். கை கழுவும் பேசினைக் கழிவறை ஒழுங்கைக்குள் ஒளிப்பது இப்போதைய பாணி. சாப்பிட்ட கையோடு கதவைத் தள்ள யாரும் விரும்புவதில்லையாதலால், அதை மண்டபத்திலேயே, எல்லா மேசையிலிருந்தும் தெரியும்படி வையுங்கள். விளக்கு 2700 கெல்வின் அளவில் (இளமஞ்சள் வெளிச்சம்), நிறங்காட்டும் சுட்டெண், அதாவது பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு, 90க்குக் குறையாததாக இருக்கட்டும். 6500 கெல்வின் வெள்ளை பல்பின் கீழ் மீன்குழம்பின் சிவப்பு மங்கிவிடும்.