காசு கொடுத்தால் லூப் சரியாகுமா?

கேள்வி: பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் ப்யூர் டேட்டா மென்பொருளில் எக்கோ செய்து பார்க்கிறேன். வெளியே போகும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே வயர் இழுத்தால், 'டிஎஸ்பி லூப் டிடெக்டட்' என்று எரர் வருகிறது, எக்கோ கேட்கவில்லை. இலவச மென்பொருள் என்பதால்தான் இப்படியா? இதே வகையில் காசுக்குக் கிடைக்கும் மேக்ஸ் மென்பொருளை வாங்கிவிடலாமா?

பதில்: இதற்காக வாங்காதீர்கள். அதே வயரை மேக்ஸில் இழுத்தாலும் ஓடாது. இரண்டுமே மில்லர் பக்கெட் தொடங்கி வைத்தவை, இந்த விஷயத்தில் குணமும் ஒன்றுதான்.

ப்யூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள் (ஒலியின் அளவைக் குறிக்கும் எண்) கொண்ட கட்டுகளாகக் கணக்கிடுகிறது. எந்தப் பெட்டி முதலில், எது அடுத்து என்று வரிசை போட்ட பிறகுதான் வேலையே தொடங்கும். உங்கள் பேட்ச்சில், அதாவது நீங்கள் போட்ட பெட்டி-வயர் அமைப்பில், முதல் பெட்டி கடைசிப் பெட்டியின் விடைக்காகக் காத்திருக்கிறது, கடைசிப் பெட்டியோ முதல் பெட்டிக்காக. பாவம், அது வரிசையை எங்கிருந்து தொடங்கும்?

திரும்பி வரும் அந்த வயரை மட்டும் பிடுங்கிவிடுங்கள். உள்ளே வரும் ஒலியை டெல்ரைட்~ பெட்டியில் எழுதி, டெல்ரீட்~ பெட்டியில் 300 மில்லிசெகண்ட் கழித்துப் படியுங்கள். படித்ததை 0.6-ஆல் பெருக்கி மறுபடி டெல்ரைட்~ பெட்டிக்கே அனுப்புங்கள். எரர் போய்விடும். மேக்ஸில் இதே வேலையை டேப்இன்~, டேப்அவுட்~ செய்கின்றன.

அந்த 0.6-இல் மட்டும் விளையாட வேண்டாம். 1.01 என்று வைத்தால் சும்மா ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 70 சுற்றில் ஒலி இரண்டு மடங்காகிவிடும். டிலே, அதாவது ஒரு சுற்றின் தாமதம், 10 மில்லிசெகண்ட் என்றால் அதற்கு முக்கால் விநாடிகூட ஆகாது. சோதிக்கும்போது ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றி வையுங்கள். ஒலியை -1-க்கும் 1-க்கும் இடையில் அடக்கி வைக்கும் கிளிப்~ -1 1 பெட்டி ஒன்றும் லூப்புக்குள் இருக்கட்டும்.

இன்னொன்று. விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் ஒரு கட்டு சுமார் 1.45 மில்லிசெகண்ட். லூப்பின் டிலே அதற்குக் கீழே இறங்காது. எக்கோவுக்கு இது தாராளம். தந்தி மீட்டும் ஒலியை லூப்பில் உண்டாக்கப் போனால்தான், சுருதி ஏற டிலே குறைய வேண்டும் என்பதால், 689 ஹெர்ட்ஸுக்கு மேல் சுருதி ஏறாமல் நின்றுவிடும். அப்போதும் பர்ஸைத் தொட வேண்டாம்: லூப்பை ஒரு சப்பேட்ச்சுக்குள் (பேட்ச்சுக்குள் இன்னொரு பேட்ச்) வைத்து, கட்டை ஒரே சாம்பிளாகச் சுருக்கும் பிளாக்~ 1 போடுங்கள். சிபியூ கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், அவ்வளவுதான். மேக்ஸில் உள்ள ஜென்~, ஒரு சாம்பிள் டிலேயில் லூப் போடுவதை இன்னும் சுலபமாக்குகிறது. அந்த வசதி தினமும் தேவைப்படும் அளவுக்கு வேலை இருந்தால், வாங்குவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.