செல்பேசிக்கு வரும் அவசர எச்சரிக்கையை மலையில் நம்பலாமா?

நம் எண்ணைக் கேட்காமலேயே அரசின் அவசர எச்சரிக்கை செல்பேசிக்கு எப்படி வந்து சேருகிறது, நீலகிரி போன்ற மலைப் பகுதியில் அதை நம்பியிருக்கலாமா என்பது கேள்வி. குந்தா பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டவர் உயிரோடு இருக்கும் வரை நம்பலாம்.

சாதாரணக் குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போக வேண்டியிருப்பதால், ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்கு அனுப்பும்போது தேங்கித் தாமதமாகிறது. செல் பிராட்காஸ்ட் முறையில் டவர் ஒரு வானொலி நிலையம்போலச் செய்தியை ஒலிபரப்ப, அதன் எல்லைக்குள் இருக்கும் போன்கள் யாவும் ஒருசேரப் பெற்றுக்கொள்கின்றன. யாருடைய எண்ணும் தேவையில்லை. மே மாதக் கூட்டத்தில் ஊட்டிக்கு வந்திருக்கும் பெங்களூர்க்காரரின் போனுக்கும் அது வரும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஒலிபரப்புவதால் பிந்தி வந்த போனும் பெற்றுவிடும். ஏற்கெனவே பெற்ற போன் செய்தியின் எண்ணைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடும்.

இந்த முறைக்காக மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் உருவாக்கிய அமைப்பைத் தமிழ்நாட்டில் 2023 அக்டோபரில் சோதித்தார்கள். சைலண்டில் கிடந்த என் போன் மேசை அதிர அலறியது. அடுப்படியில் இருந்த அம்மாவின் பழைய பட்டன் போனில் ஒரு சத்தமும் இல்லை. "உனக்கு மட்டும்தான் வெள்ளம் வருமாடா?" என்றார் அம்மா. எல்லாப் பழைய போன்களும் இந்தச் செய்தியைக் காட்டுவதில்லை என்பதை அவருக்கு விளக்கி முடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

அந்த அலறலின் அருமை இரவில்தான் தெரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலிகொண்ட மண்சரிவுகளில், உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீதே இடிந்து விழுந்த வீடுகள் உண்டு. ஆனால் நேரம் தப்பினால் அலறலால் பயனில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியபோது, எங்கள் பக்கம் மரங்கள் சாய்ந்து கரண்ட் போயிற்று. டவர் சிறிது நேரம் பேட்டரியில் ஓடி அடங்கியது. சாலையில் மண் சரிந்து கிடந்ததால் ஜெனரேட்டருக்கு டீசலும் மேலே வர முடியவில்லை. அதன்பின் எந்த எச்சரிக்கை அனுப்பியிருந்தாலும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆகவே மலைக்கான எச்சரிக்கை முதல் மரம் விழுவதற்கு முன்பே, முடிந்தால் முந்தைய நாள் மாலையிலேயே வந்துவிட வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2024 முதல் நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுவதால், அதற்கு வேண்டிய அடிப்படை ஓரளவு கையில் இருக்கிறது.

செய்தியின் வாசகம்தான் என் பெரிய குறை. "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்று வந்தால், மழைக்காலத்தில் அது எங்களுக்கு ஒரு செய்தியே அல்ல. எந்த ஹட்டி (படுகர் ஊர்), எந்த எஸ்டேட் லைன் வீடுகள் காலி செய்ய வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றிருந்தால்தான் ஆள் எழுந்து நடப்பார். இன்னொன்று: டவரை வைத்தே எல்லை வகுக்கப்படுவதால், பள்ளத்தாக்கின் எதிர்ப்புற டவரைப் பிடித்திருக்கும் போனுக்கு அங்குள்ளோருக்கான எச்சரிக்கையே வரக்கூடும், வயநாட்டு டவர் கிடைக்கும் கூடலூர், பந்தலூர்க்காரர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

உங்கள் போனின் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைப் பகுதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கினால் என் பழைய ஸ்மார்ட்போனில் ஒரு சிம்மைப் போட்டு, சார்ஜ் ஏற்றி, அம்மாவின் கட்டிலருகே வைத்துவிடுகிறேன்.