கழுத்தில் ஒரு விலா எலும்பு: அம்மாவுக்கு ஆபரேஷன் தேவையா?

கேள்வி: நாங்கள் தலவாக்கலை பக்கத்துத் தோட்டம். அம்மாவுக்கு 44 வயது, தேயிலைக் கொழுந்தெடுக்கிறார். சில மாதங்களாக வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. கூடை இறக்கிய பிறகும் தோள் கடுக்கிறது. எக்ஸ்ரே எடுத்தபோது கழுத்தில் இரண்டு பக்கமும் கூடுதலாக விலா எலும்பு இருப்பதாகச் சொன்னார்கள். கூடை தூக்கித்தான் இது வளர்ந்தது என்கிறார்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்). எலும்பை வெட்டி எடுக்க வேண்டுமா? எனக்கும் இருக்குமா?

பதில்: முதலில் லயத்துப் பேச்சை ஒதுக்கி வையுங்கள், மகள். கூடை தூக்கி யாருக்கும் எலும்பு முளைக்காது. அது அம்மா பிறக்கும்போதே இருந்தது. 44 வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் தொல்லை தருகிறது என்று கேட்டால், அங்கேதான் கூடை வருகிறது.

மனிதருக்குக் கழுத்தில் 7 முள்ளந்தண்டு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். தலையைக் குனிந்து பிடரியில் கைவைத்தால் கழுத்தடியில் புடைப்பாகத் தட்டுப்படுவது, பெரும்பாலும் ஏழாவது எலும்பு. விலா எலும்புகள் அதற்குக் கீழே, மார்பு முதுகெலும்பில்தான் தொடங்க வேண்டும். சிலருக்கு இந்த ஏழாவதிலிருந்தே ஒரு குட்டி விலா எலும்பு கிளம்பிவிடும். நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ இது இருக்கும். பெண்களிடம் கொஞ்சம் அதிகம். இரண்டு பக்கமும் இருப்பதும் சகஜம்தான். இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. வேறு எதற்கோ நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் தெரியவரும்.

அதனால் எக்ஸ்ரேயில் எலும்பு தெரிந்த உடனே பழியை அதன் தலையில் போட எனக்கு மனம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு எலும்பு இரண்டு பக்கம், மரப்பு ஒரு பக்கம் மட்டுமே என்பதையும் கவனியுங்கள்.

கைக்குப் போகும் நரம்புக் கொத்தும் பெரிய இரத்தக் குழாயும் கழுத்தடியில், காறை எலும்புக்குப் பின்னால், ஓர் ஒடுக்கமான இடைவெளி வழியாக இறங்குகின்றன. கூடுதல் எலும்போ, அதன் நுனியிலிருந்து ஓடும் நார்ப்பட்டையோ அந்த நரம்புகளைக் கீழிருந்து முட்டலாம். நார்ப்பட்டை எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் எலும்பு குட்டையாக இருந்தாலும் தொல்லை வரலாம். தோளில் பாரம் தொங்கும்போதும், கையை உயர்த்தி நீட்டியே வேலை செய்யும்போதும் நெருக்கல் கூடும். வயது ஏறத் தோள் சற்று இறங்குவதும் ஒரு காரணம்.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: மரப்பு விரலோடும் உள்ளங்கையோடும் நிற்கிறதா, முழங்கைக்குக் கீழே உட்பக்கம் முழுக்க இருக்கிறதா? முன்கையின் உட்புறமும் மரத்தால் சந்தேகம் கழுத்தடிப் பக்கம் போகும். உள்ளங்கையோடு நின்றால் முழங்கையில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, இரவில் உதறி எழும்பினால் அது மணிக்கட்டு நரம்பு. நாள் முழுக்க விரலால் கிள்ளும் தொழிலில் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகல், சர்க்கரை நோய் என்று இன்னும் உண்டு. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழுநோய் இலங்கையில் இன்னும் ஒழியவில்லை, முழங்கை நரம்பைத் தாக்குவது அதற்குப் பழக்கம். மருந்து உண்டு, குணமாகும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது கட்டைவிரல் அடிச்சதை இடதைவிடக் குழிந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள். கரைந்த சதை திரும்பி வருவது கடினம்.

குளிர்ந்த விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மலைநாட்டுக் குளிரில் காலையில் எல்லோருடைய கையும் ஐஸ்தான், அதற்குப் பயப்படாதீர்கள். ஒரு கை மட்டும் வெளுத்துக் குளிர்ந்தால், விரல் நுனியில் ஆறாத புண் வந்தால், இரத்தக் குழாய் நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இது அபூர்வம், ஆனால் ஆபத்தானது: நெருக்கப்பட்ட குழாயில் இரத்தம் உறைந்து விரலுக்குப் போய் அடைக்கும். தோட்ட டிஸ்பென்சரியில் இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் அதிகம் என்றால் வைத்தியசாலைக்குக் காட்டலாம். திடீரென்று கை வெளுத்துக் கடுமையாக வலித்தால் காத்திருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள்.

இனி ஆபரேஷன். சதை கரையவில்லை, இரத்த ஓட்டம் சரி என்றால் இப்போது வேண்டாம். பிசியோதெரபிதான் முதல் மருந்து. சில மாதம் ஒழுங்காகச் செய்ய வேண்டும், நாலு நாளில் விடக்கூடாது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரம் ஏற்றுவதைக் குறையுங்கள், கூடை நிரம்பும்வரை காத்திராமல் அடிக்கடி கொட்டுவது நல்லது. கொஞ்ச நாள் பாரமில்லாத வேலைக்கு வைத்தியரிடம் கடிதம் வாங்கலாம். தோட்டத்தில் அது லேசாகக் கிடைக்காது என்று தெரியும், அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுவிடுவார்கள் என்ற பயமும் தெரியும், ஆனாலும் கடிதம் கையில் இருந்தால் பேச ஓர் ஆதாரம். சுளுக்கு எடுக்கிறேன், கழுத்தை முறிக்கிறேன் என்று வருபவர்களிடம் மட்டும் கொண்டு போகாதீர்கள்.

மரப்பு குறையாவிட்டால் நரம்புச் சோதனை செய்யச் சொல்வார்கள். சதை கரைதல், குழாய் நெருக்கல் இரண்டில் ஒன்று உறுதியானால் எலும்பை எடுப்பதுதான் சரி. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை.

இன்னொன்று: கழுத்தெலும்புகள் எல்லோருக்கும் அச்சில் வார்த்தாற்போல் இருப்பதில்லை. சிலருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒட்டியே பிறக்கும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் பெரும்பாலோருக்கு ஆறாவது எலும்பின் துளை வழியாக நுழையும், சிலருக்கு ஐந்தாவதில். வீட்டில் இதனால் எந்தக் கவலையும் வேண்டாம். ஆனால் கழுத்தில் கத்தி வைக்கும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் விலாவினால் எலும்பை எண்ணும்போதே ஒன்று தவறக்கூடும்.

உங்களைப் பற்றிக் கேட்டீர்கள். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருவதுண்டு. ஆனாலும் கையில் தொந்தரவு இல்லாத உங்களுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. கிளினிக்குப் போகும்போது அம்மாவின் எக்ஸ்ரே படத்தையே கொண்டு போங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது.