இது ஆற்றை அம்மம்மா?

கடிதம்:

வணக்கம். அம்மம்மா காலமாகிப் பன்னிரண்டு நாள். எட்டுச்செலவுச் சடங்கு முடிந்துவிட்டது. 31ஆம் நாள் கல்வெட்டுக்கு (நினைவு மலருக்கு) வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பை மாமாமார் என்னிடம் தந்துவிட்டார்கள். எப்படி எழுதினாலும் 'இன்முகம் கொண்டவர், விருந்தோம்பலில் சிறந்தவர், குடும்ப விளக்கு' என்றுதான் வருகிறது. வாசித்த அம்மா, "இது ஆற்றை (யாருடைய) அம்மம்மா?" என்று கேட்டுப்போட்டா. எங்கள் அம்மம்மா மிளகாய்த்தூளுக்குப் பேர்போனவ, அதை எழுதலாமா? இன்னொன்று: திதி வெண்பா (இறந்த திதியைச் சொல்லும் பாட்டு) எழுதித் தந்தவர் அம்மம்மாவின் புவனேஸ்வரி என்ற பெயரைப் 'புவனேசி' ஆக்கிவிட்டார். பெரிய மாமாவுக்குக் கோபம். என்ன செய்யலாம்?
பேர்த்தி, கோண்டாவில், யாழ்ப்பாணம்

பதில்:

அன்பின் தங்கைக்கு,

முதலில் நாட்கணக்கு. 19 நாள் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். அச்சகத்துக்கு ஒரு கிழமை, ஒப்புநோக்க மூன்று நாள் கழித்தால் எழுத மிஞ்சுவது எட்டொன்பது நாள்தான்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. 'இன்னாரின் சிரேஷ்ட புதல்வியும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும்' என்ற மரண அறிவித்தலை நீட்டி எழுதியதைத்தான் பலர் வாழ்க்கை வரலாறு என்று அச்சடிக்கிறார்கள். ஆண்களின் கல்வெட்டில் உத்தியோகம், இடமாற்றம், கோயில் தர்மகர்த்தா பதவி என்று ஏதாவது வரும். பெண்களுக்கு அந்த இடம் வெறுமையாக நிற்கும். அதை அடைமொழி வந்து நிரப்பும். உறவுமுறைக்கு வம்சாவளிப் பக்கம் இருக்கிறது. அதை அங்கே விட்டுவிட்டு, அவவின் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

"அம்மம்மா எப்படிப்பட்டவ?" என்று சொந்தக்காரரைக் கேட்டால் "நல்லவ" என்பார்கள். ஆண்டைப் பிடித்துக் கேளுங்கள். 1964 மார்கழிப் புயலுக்கு எங்கே இருந்தவ? 70களின் தொடக்கத்தில், இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போன காலத்தில், தோட்டத்தில் என்ன நட்டவை, அந்தக் காசு எங்கே போனது? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரத்துக்குப் பதிலாக என்ன, பனம்பழமா? ஜாம் போத்தல் விளக்கை யார் செய்தது? 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, எதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவ, எதை விட்டுவிட்டு வந்தவ? மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக இருத்திக் கேட்டால் மூத்தவர் சொல்வதுதான் எல்லாருடைய ஞாபகமும் ஆகிவிடும்.

பிறந்த திகதி சாதகக் குறிப்பில் ஒன்றும் பிறப்புச் சான்றிதழில் இன்னொன்றுமாக இருந்தால், ஒன்றை எடுத்து முழுக்க அதையே பாவியுங்கள். அட்டையில் ஒரு வயதும் உள்ளே இன்னொரு வயதும் வருவது இந்தக் குழப்பத்தால்தான்.

தூளைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்தாலும் தகும். 'மல்லி ஒரு சுண்டு' (வீட்டில் அளக்கும் சிறு பேணி) என்று எழுதினால் ரொறொன்ரோவில் இருக்கிற பூட்டப்பிள்ளைக்கு அது உதவாது. அவ பாவித்த அதே சுண்டை எடுத்து, அவவோடு கூட நின்று வறுத்தவரைக் கொண்டே நிரப்பி, தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். தலைதட்டியா, குவித்தா என்பதையும் குறியுங்கள். ஒத்துப்பார்க்க ஒரு பொதுக்கணக்கு: செத்தல் மிளகாய் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 250 கிராம், சீரகமும் மிளகும் 100 கிராம் வீதம், வெந்தயமும் மஞ்சளும் 50 கிராம் வீதம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. உங்கள் வீட்டுக் கணக்கு இதிலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கேதான் அம்மம்மா இருக்கிறா. ஒவ்வொன்றையும் ஏன் தனித்தனியே வறுத்தவ என்பதையும் எழுதுங்கள். மல்லி பதமாகுமுன் வெந்தயம் கருகிவிடும், கருகினால் தூள் முழுக்கக் கசக்கும். ஆறுமுன் போத்தலில் அடைத்தால் வியர்த்துக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். இப்படி எழுதி முடித்துப் பெயரை மறைத்துவிட்டு அம்மாவிடம் கொடுங்கள். இந்த முறை ஆற்றை என்று கேட்கமாட்டா.

இனிப் புவனேசி. வெண்பா எழுதினவர் மேல் பிழையில்லை. புவ-னேஸ்-வரி என்பது அசை பிரித்தால் நிரை, நேர், நிரை; யாப்பில் இதற்குப் புளிமாங்கனி என்று பெயர். நிரையில் முடியும் இந்த மூவசைக் கனிச்சீர் வெண்பாவுக்குள் நுழைய முடியாது. புவ-னே-சி என்றால் நிரை, நேர், நேர்; புளிமாங்காய் ஆகிவிடும், அடுத்த சீர் நேரசையில் தொடங்கினால் தளையும் (சீர்களின் இணைப்பும்) தட்டாது. பரமேஸ்வரி, நாகேஸ்வரி, இராஜேஸ்வரி எல்லாருக்கும் இதே கதிதான். (மகேஸ்வரி தப்பிவிடுவா, அது ஈரசைக் கருவிளம்.) முழுப்பெயரை வெண்பாவின் தலைப்பில் போட்டுவிடுங்கள், மாமா ஆறிவிடுவார். அதற்கும் சம்மதிக்காவிட்டால் கனிச்சீரும் வரக்கூடிய விருத்தப்பாவாக எழுதித் தரச்சொல்லலாம். ஆனால் மாமா பார்க்க வேண்டியது வேறொன்று: ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி. உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லி உங்கள் ஐயரிடம் கேளுங்கள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடும், ஆகவே வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் தீர்மானியுங்கள். இது பிழைத்தால் ஆண்டுத் திவசமே பிழைத்த நாளில் வரும்.

அச்சு வேலையில் மூன்று விடயம். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் பிரிபட வேண்டும். 29 பக்கம் எழுதினால் 32 ஆகும், மிஞ்சும் பக்கத்துக்கு இப்போதே படம் தேடுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கி மங்கிவிடும். கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய படத்தை உரிக்க வேண்டாம், சட்டத்தோடேயே பிரதி எடுக்கலாம். மூன்றாவது, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நீங்கள் யூனிகோட்டில் தட்டியதை அச்சகத்தில் பாமினிக்கு மாற்றினால், காற்புள்ளி சிலவேளை 'இ' ஆகிவிடும். பேரப்பிள்ளைகளின் பட்டியலில் அந்த 'இ' அடுத்தவரின் தலைப்பெழுத்துப்போல நிற்கும், கண்ணுக்குப் படாது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒருவர் தங்கள் பெயர்களைத் தாங்களே சரிபார்க்கட்டும். விடுபட்ட ஒரு மருமகன் பெயருக்காகப் பத்து வருடம் கதையாமல் இருக்கிற வீடுகள் உண்டு.

ஒரு பிரதியை 'நூலகம்' என்ற எண்ணிம ஆவணக நிறுவனத்துக்குக் கொடுங்கள். நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறார்கள். அதை மனதில் வைத்து, உயிரோடு இருப்பவர்களின் தொலைபேசி இலக்கம், விலாசம் இரண்டையும் கல்வெட்டில் போடாமல் விடுங்கள்.

கல்வெட்டில் சேர்க்கும் திருமுறைப் பாடல்களை இணையத்திலிருந்து எடுப்பீர்களானால் சிவபுராணம் 95 அடியும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். முதலடியில் 'நமச்சிவாய வாஅழ்க' என்று வரும். அச்சகத்தில் அந்த 'அ'வை எழுத்துப்பிழை என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். அது அளபெடை (ஓசையை நீட்டும் எழுத்து), ஒப்புப்படியில் வட்டம் போட்டு 'இருக்கட்டும்' என்று எழுதிவிடுங்கள்.